கண்ணாடித் தொட்டியில் களை

அருணகிரிக் கவுண்டரின் சாமைக் கொல்லையில் களை நின்று ஜமுனாமரத்தூரில் யாரும் பார்த்ததில்லை. மழை விழுந்து பயிர் தலை நீட்டியதும் அவர் வீட்டு ஆட்கள்தான் முதலில் கொல்லையில் இறங்குவார்கள். பிடுங்கிய களையின் வேர்மண்ணை உதறி, அங்கேயே பயிர் இடுக்கில் போட்டுவிட்டு நகர்வார்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கொல்லையில் களை மண்டினால் அந்த வீட்டில் ஆள் சரியில்லை என்று அர்த்தம். இது அவர் அப்பா காலத்துத் தீர்ப்பு. அவரும் மாற்றவில்லை.

மகன் நவீன்குமார் சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு விடுதி கட்டி, அதன் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தான். மலைக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொட்டிக்குள் ஒருநாள் பழுப்பாக என்னவோ முளைத்திருந்தது. ஒல்லியான தண்டு, உச்சியில் பனை ஓலைபோல விரிந்த கைகள். கிட்டே விரல் போனால் சட்டென்று கல் பொந்துக்குள் சுருங்கிக்கொண்டது. அதன் கை பட்ட பக்கமெல்லாம் ஊதாப் பவளம் வெளுத்துக் கிடந்தது.

"ஐப்டேசியா, தாத்தா. கடல் அனிமோன்ல ஒரு வகை, செடி மாதிரி நிக்கற ஜந்து. கல்லோட ஒட்டிக்கினு வந்திருக்கும். பாத்துக்கலாம்" என்றான் சுஃப்யான்.

தொட்டியை அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். வாரம் ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவான். அவனுடைய அப்பா சனாவுல்லா வருஷா வருஷம் அருணகிரி வீட்டுப் புளியை வாங்குகிறவர்.

கல்லோடு வந்ததாம். கல்லைக் கொண்டுவந்தது யார்? தானே நட்டுவிட்டுத் தானே களையெடுக்க வந்தால் பிழைப்புக்குக் குறைவிருக்காது. அருணகிரியின் மனசில் அன்றைக்கு விழுந்த முள் பிறகு எடுபடவில்லை.

"அந்தப் பையன் வந்துட்டுப் போனப்புறம்தான் அது பெருகுது. கவனிச்சியாடா?" என்று மகனைக் கேட்டார்.

"சும்மா இருங்க நைனா. சனாவுல்லா பாய் காதுல வுழுந்தா இன்னா ஆவும்? நம்ம புளிய அவரு கண்ண மூடிக்கினு வாங்கறாரு."

"அப்பன் கண்ண மூடிக்கினு வாங்குவான். மவன் நம்ம கண்ணுல மண்ணத் தூவுவான். நாம இளிச்சவாயன்னு ஊரு சிரிக்கட்டும், இல்ல? இந்த வாட்டி அவன் வரட்டும், மூஞ்சிக்கு நேரா கேக்கறேன். கேட்டப்புறம் அவன் வூட்டுக்கும் நம்ம வூட்டுக்கும் போக்குவரத்து கெடையாது."

அப்பா சொன்னால் செய்கிறவர் என்பது நவீன்குமாருக்குத் தெரியும்.

அதுவரை விருந்தாளிகள் கண்ணில் படும்படி களையை விட்டுவைக்க அருணகிரிக்கு மனம் ஒப்பவில்லை. விடியும் நேரத்தில், அறைக்கதவுகள் திறக்குமுன், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். நகத்தால் கிள்ளிப் பிடுங்கி, உதறி, கல்லுக்குப் பின்னால் போட்டார். விரல் நுனி அரித்தது. விஷம் என்று நினைத்தார். விஷத்தை விதைக்கிறவன் எப்படிப்பட்டவன் என்றும் நினைத்தார். மறுநாளும் பிடுங்கினார். அதற்கடுத்த நாளும். களை குறையவில்லை, கல்லுக்குக் கல் ஏறியது. சந்தேகமும் கூடவே ஏறியது.

சுஃப்யான் வந்த அன்று அருணகிரி பிரம்பு நாற்காலியைத் தொட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவன் ஊசி இல்லாத சிரிஞ்சில் வெள்ளையாக எதையோ நிரப்பினான்.

"இன்னா அது?"

"சுண்ணாம்பு, தாத்தா. கெட்டியா கரைச்சது."

"மீனுக்கு வெத்தல மடிச்சித் தரப் போறியா?"

"மீனுக்கில்ல, இதுக்கு. வாய்க்குள்ள எறக்கிட்டா உள்ளாறவே வெந்துடும்."

அவன் மோட்டாரை நிறுத்தினான். தண்ணீர் அசையாமல் நின்றது. சிரிஞ்சின் முனையை ஒவ்வொன்றின் நடுவிலும் வைத்துப் பொறுமையாக அழுத்தினான். பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போலிருந்தது. ஊட்டித்தான் வளர்க்கிறான் என்று அருணகிரிக்கு உறுதியாயிற்று. கேட்டுவிடலாம் என்று எழுந்தார்.

அதற்குள் சுஃப்யான் கைப்பேசி விளக்கைக் கல்லுக்குப் பின்னால் அடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "நவீன் அண்ணா, இங்க வாங்க. யாரோ கை வெச்சிருக்காங்க."

நவீன்குமார் வந்து குனிந்தான்.

"கல்லுல நகம் பட்ட தடம் பாருங்க. இதப் பிச்சா ஒவ்வொரு துணுக்கும் தனியா மொளைக்கும். பிச்சதத் தொட்டிக்குள்ளயே வேற போட்டிருக்காங்க. பின்னால பாருங்க, நாத்தங்கால் மாதிரி. தெரியாம செஞ்சாங்களா, வேணும்னே செஞ்சாங்களான்னு எனக்குத் தெரியல."

நவீன்குமார் நிமிர்ந்து, கூடத்தின் மறுகோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த மாதம்மாளைப் பார்த்தான். நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்து விடுதியிலேயே தங்கி வேலை செய்கிறவள். அருணகிரியை அண்ணா என்று கூப்பிடும் தூரத்து உறவு.

"அத்தை, காலையில மொதல்ல கூடத்துக்கு வர்றது நீங்கதான?"

"பெருக்க வர்றேன், தொடைக்க வர்றேன். ஒன் கடல்ல எனக்கு இன்னா வேல?"

"எதுத்தாப்ல விடுதி கட்டறவன் ஒங்கள வேலைக்குக் கூப்புட்டானாமே."

மாதம்மாள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள். "வாங்கிக்க மருமவனே. இந்தப் பேச்சுக்கப்புறம் நான் இங்க சோறு துன்னா செமிக்காது."

அருணகிரி நின்றபடியே இருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் பஸ் ஏறிவிடுவாள். வீட்டின் பேர் வீட்டோடு இருக்கும். ஆனால் ஒரு விடியற்காலையில் ஈரக் கையோடு அவர் திரும்பியபோது எதிரே வந்தவள் இவள்தான். ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்து நீட்டிவிட்டுப் போனவள். இப்போதும் அதைச் சொல்லவில்லை. அவர் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவர் மானத்தை இவள் தன் தலையைக் கொடுத்துக் காக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அப்படிக் கிடைக்கிற மானம் அவருக்கு வேண்டியதில்லை.

"சாவிய சொருகு மாதம்மா" என்றார். "பிடுங்கினது நான்."

அவர் தலை குனியவில்லை.

"கொல்லையில பிடுங்கற மாதிரி பிடுங்கி, அங்கியே போட்டேன். தண்ணிக்குள்ள வெயிலு காய்ச்சாதுன்னு தோணல." பிறகு சுஃப்யான் பக்கம் திரும்பினார். "நீதான் நட்டு வளக்கறேன்னு நெனச்சேன், தம்பி. இன்னிக்கி ஒன்ன அனுப்பிடறதுன்னுதான் உக்காந்திருந்தேன்."

"தெரியும் தாத்தா. மோட்டார நிறுத்தினதும் நீங்க பல்லக் கடிக்கற சத்தம்தான் கேட்டுச்சி."

"ஒங்கப்பாகிட்ட சொல்லிடு. நான் நெனச்சது தப்பு."

"சொன்னா எனக்குத்தான் திட்டு வுழும். கல்ல ஒழுங்கா பாக்காம ஏன்டா போட்டேன்னு கேப்பாரு."

நவீன்குமார் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்கடா போற? அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"தப்பா கேட்டுட்டேன் அத்தை. மனசுல வெச்சிக்காதீங்க."

மாதம்மாள் சாவியைச் செருகவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். "அவன் சொல்லிட்டான்" என்றாள். "நான் சாவிய உருவற வரைக்கும் நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க, அண்ணா?"

அந்தக் கூடத்தில் அவரை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அருணகிரி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். கலெக்டர் வந்தபோதுகூட அவர் அப்படி இறக்கியதில்லை.

"முன்னாடியே வாயத் தொறந்திருக்கணும். தப்புதான்."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பானை எடுத்தாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணா. அங்க இன்னும் தொடைக்கல."