தேய்த்து அழித்த முத்திரை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சரக்குக் கிடங்கின் பின்வாசலில் கிடைத்தது. சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் மரத்தட்டை பேலட் என்பார்கள். அங்கே அது ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சூடு போட்டதுபோல எழுத்துகள். என்னவென்று கேட்டேன்.

"அதுதாம்மா மரத்தோட ஜாதகம்," என்றார் சுமை இறக்குபவர். "பூச்சியச் சூடு காட்டிக் கொன்னாங்களா, விஷப்புகை போட்டுக் கொன்னாங்களான்னு அதுலதான் இருக்கு."

பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள், என் கற்பனையிலிருந்து ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். கையில் மரம் தேய்க்கும் உப்புத்தாள். அவனைத்தான் உங்களிடம் கூட்டிவந்திருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அழகான ஒரு மாலைப் பொழுதில், பால்கனியில் இளங்காற்று…"

வேண்டாம், கண்ணுகளா. இளங்காற்று வீசுகிற கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அவன் கிடங்கில் பேலட்டைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். குடியிருப்பது மூன்றாம் மாடி. மண் என்று பார்த்தால் செருப்பில் ஒட்டி வருவதுதான். பால்கனிச் சுவர் முழுக்க அடுக்கடுக்காகக் கீரை வளர்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. காரணம் மகள். இரண்டு வயது, பட்டப்பெயர் எறும்பு. கண்ணில் பட்டதெல்லாம் அவள் வாய்க்குள் போகும், தட்டில் வைத்த பச்சையைத் தவிர. தானே கிள்ளிய இலையென்றால் தின்பாள் என்று அவன் நம்பினான்.

[இந்த இடத்தில் அவனைக் கொஞ்சம் அசடாக எழுதிப் பார்த்தேன். அவன் இடம் கொடுக்கவில்லை.]

மனைவியின் அண்ணன் பெயின்டர். அவர் காலி பெயின்ட் டப்பாக்களைக் கொண்டுவந்தபோது வாசலோடு திருப்பி அனுப்பினான். பழைய டயர் வேண்டாம். பூச்சிமருந்து வந்த கேன் வேண்டவே வேண்டாம்.

"மரம்னா மரம்தானே மச்சான். அதுல என்ன வந்துடப்போவுது?" என்றான் அவரிடம்.

கிடங்கில் கேட்டு ஆறு பேலட் வாங்கி வந்தான். நாள் முழுக்கத் தூக்கி இறக்குபவன், அதில் இருந்ததை ஒருநாளும் வாசித்ததில்லை. எறும்பின் விரலில் சிலாம்பு ஏறிவிடக் கூடாது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்தான். மரம் கன்னம்போல் வழவழப்பானது. அந்தக் கருகிய எழுத்துகள்தான் லேசில் போகவில்லை. விடாமல் தேய்த்தான்.*

* நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் கையைப் பார்த்தேனே தவிர, எழுத்தைப் பார்க்கவில்லை.

3.

பேலட்டுகளைப் பால்கனிச் சுவரில் ஆணியடித்து, மண் நிரப்பி விதைத்தான். கீரை தழைத்தது. அதைப் பார்க்க மச்சான் வந்தார்.

"எங்க மாப்ளே முத்திரை?"

"என்ன முத்திரை?"

"சூட்டெழுத்துய்யா. நான் வேலை பாக்குற கட்டடத்துல தச்சர் சொன்னாரு. சூடு காட்டுன மரம்னா பயமில்ல. விஷப்புகை போட்டதுன்னா அடுப்புக்குக்கூட ஆவாதாம்."

"அதத்தான் தேய்ச்சு எடுத்தேன்."

"ஆறுலயுமா?"

"ஆறுலயும்."

"ஜாதகத்தக் கிழிச்சுப் போட்டுட்டுப் பொண்ணு பாக்கப் போன ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா!"

"சிரிக்காதண்ணே." தையல் மெஷினில் இருந்த மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "ஏங்க, எறும்பு இதுலேருந்து எதுவும் தின்னாளா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு நீயே பறிக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். பெரும்பாலும் சூடு காட்டுனதாத்தான் இருக்கும்…"

"பெரும்பாலும்னா? அடுத்தவங்க துணியிலகூட நான் பெரும்பாலும்னு கத்திரி வச்சதில்ல. பிரிச்சுப் போடுங்க. சாயம் போடாத துணியில பை தைச்சுத் தர்றேன். விதையிலேருந்து ஆரம்பிக்கலாம்."

"மூணு வாரம் தேய்ச்சிருக்கேன்டி."

அவள் வெள்ளைத் துணியை எடுத்து விரித்து, பைக்கு அளவெடுக்கத் தொடங்கினாள். மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

4.

மரத்தை எழுதியவள் நீதானே, என்ன முத்திரை என்று சொல்லிவிடேன் என்பீர்கள். முயன்றேன்.

(அ) கிடங்கு நண்பன் ஒருவனின் செல்போனில் பழைய படம் கிடைக்கிறது. நல்ல முத்திரைதான். எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுதிக் கிழித்தேன். அந்தப் படத்தை அங்கே வைத்தவள் நான். அவனுக்கு அப்படியொரு படம் இல்லை.

(ஆ) அன்று ராத்திரி எறும்புக்கு

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முடிக்கவும் மாட்டேன்.

தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாமலேதான் அவன் முடிவெடுக்க வேண்டும்.

5.

காலை. அவன் சுவரின் முன் நிற்கிறான். ஆணி பிடுங்கும் சுத்தியல் தரையில் கிடக்கிறது. கீரை அவன் இடுப்புவரை பச்சைப் பசேலென்று நிற்கிறது. எறும்பு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "நானு, நானு" என்று கையை நீட்டுகிறாள்.

இனி நீங்கள் எழுதுங்கள். உங்களால் முடியும், எனக்குச் சந்தேகமில்லை. சுத்தியலை எடுக்க வைத்தாலும் சரி, இலையைக் கிள்ள வைத்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: "ஒன்றும் ஆகாது" என்று முடிப்பவர்கள், அந்த முதல் இலை யார் வாய்க்குள் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.