அண்ணன் வாங்கித்தந்த ரவுட்டர்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, நான்காம் மாடியின் கடைசி வீட்டில் ஒரு வீடியோ அழைப்பு பாதியில் உறைந்தது.

அந்த வீட்டுப் பெண் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிகள் டாக்டரிடம் பேசும்போது, பின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்வது அவள் வேலை. குரல் விட்டுவிட்டு வந்தால் சமாளிக்கலாம். கை நின்றுபோனால் பேச்சே இல்லை. 'மாத்திரை சாப்பாட்டுக்கு' என்பதோடு அன்று அவள் கை நின்றது. முன்னாலா, பின்னாலா என்று தெரியாமல் நோயாளி விழித்தார். மருத்துவமனை மேலாளர் பதமாகத்தான் சொன்னார்: திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போதும் நின்றால் வேறு ஆள்.

கோளாறு வைஃபை ரவுட்டரில்தான்; புதுசு வாங்கினால் தீர்ந்தது. ஆனால் இருப்பது, இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவள் அண்ணன் வாங்கித்தந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் ஞாயிறுதோறும் வருவார். வந்ததும் குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல அதை ஒரு தட்டு தட்டுவார்.

"இதைத் தூக்கிப் போட்டா அண்ணன் மூஞ்சி தொங்கிடும்" என்றாள்.

"இப்ப மட்டும் எப்படி இருக்காம்?" என்றான் கணவன்.

"வாயை அடக்குங்க. பெட்டி இருக்கட்டும். உள்ள இருக்கிறதை மாத்திடறேன்."

கட்டடத்தில் முக்கால்வாசி வீடுகளில் அதே மாடல்தான். எல்லாம் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், முட்டி மோதிக்கொண்டிருந்தன. கம்பெனி போட்ட சாஃப்ட்வேரில் சேனலை மாற்ற வழியில்லை. ஆர்வலர்கள் சிலர் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருந்த மாற்று சாஃப்ட்வேரில் இருந்தது. சனிக்கிழமை முழுக்க அதைப் பற்றிப் படித்தாள். எல்லா இடத்திலும் ஒரே எச்சரிக்கை: ஏற்றி முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. போனால் பெட்டி வெறும் செங்கல்.

சாயங்காலம் வரும் அண்ணன் அந்த ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டார். அப்போதுதான் அவள் புது சாஃப்ட்வேரை ஏற்ற ஆரம்பித்திருந்தாள். ரவுட்டரில் ஒரே ஒரு விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, என் பெட்டி கண்ணைக் கண்ணைச் சிமிட்டுது?"

"உங்களைப் பார்த்த சந்தோஷம் மச்சான்."

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். தள்ளுங்க." அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. காருக்கும் அதையேதான் செய்வார்.

கணவன் ஸ்விட்ச் மேல் முதுகை வைத்து நன்றாகச் சாய்ந்துகொண்டான். "முதுகு பிடிச்சிருக்கு மச்சான். இங்க சாஞ்சா இதமா இருக்கு."

"ஸ்விட்ச் குத்தலையா?"

"குத்துறதுதான் இதம்."

அண்ணன் குனிந்து பெட்டியைப் பார்த்த நேரம், அவர் முதுகுக்குப் பின்னால் அவள் சைகையில் சொன்னாள்: பாதிதான் ஏறியிருக்கிறது. அவளிடம் கற்ற சைகையில் கணவன் ஒற்றைக் கையால் பதில் சொன்னான்: சீக்கிரம், உன் அண்ணன் யானை மாதிரி தள்ளுகிறார். யானைக்குத் தும்பிக்கை வைத்தே சொன்னான். அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?" அண்ணன் திரும்பினார்.

"ஒண்ணுமில்லண்ணா, அவர் முதுகை நினைச்சேன்."

"நல்லா சிரிக்கிற நீ. எண்ணெய் தேய்ச்சு விடக் கூடாதா? திரும்புங்க மாப்பிள்ளை, நானே அமுக்கிவிடறேன்."

கணவன் திரும்பவில்லை. "கூச்சமா இருக்கு மச்சான்" என்றான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து இழுத்தபோது விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் பச்சையாக எரிந்தன. கணவன் அவர் இழுத்த இழுப்புக்குப் போனான்.

"பார்த்தியா பாப்பா, என் பெட்டி தானா எழுந்துடுச்சு" என்றார் அண்ணன்.

அவள் ஆளில்லாத சேனல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவனின் போனுக்கு வீடியோவில் வந்தாள். சமையலறை வாசலில் நின்ற அவனுக்குக் கையால் சொன்னாள்: உங்களுக்குப் பின்னால் பால் பொங்குகிறது. அவன் திரும்பி அடுப்பை அணைத்தான். ஒரு விரல்கூட விட்டுப்போகவில்லை.

திங்கட்கிழமை அழைப்பு முடியும்வரை படம் நிற்கவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னால். மருத்துவமனை அவளையே வைத்துக்கொண்டது. அந்த வாரமே அண்ணன் அதே மாடலில் தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கினார்.