வீட்டு வாடை

விடிந்ததிலிருந்து பம்பரம் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. பம்பரம் என்பது ஓட்டல் சலவை அறையில் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல எந்நேரமும் சுற்றுகிறாளே என்று வைத்தது. அவர்கள் இன்றைக்கு இந்த வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால், நிஜப் பம்பரமாவது கொஞ்ச நேரத்தில் களைத்து விழுமே, இவளுக்கு வேறு பேர் தேட வேண்டும் என்று கிளம்பிப் போயிருப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் தத்து அலுவலகத்திலிருந்து ஆபீசரம்மா வீடு பார்க்க வருகிறார். கேள்வி கேட்டதெல்லாம் முடிந்தது, கையெழுத்துப் போட்டதெல்லாம் முடிந்தது. மிச்சம் இருப்பது இந்த ஒரு பார்வைதான். இது நல்லபடியாக முடிந்தால் காப்பகத்தில் இருக்கும் மூன்று வயதுப் பாப்பா இந்த வீட்டுக்கு வருவாள். இல்லாவிட்டால் வேறு யாருக்கோ மகளாகிவிடுவாள். பாப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பார்க்காமலே இருந்திருந்தால் தேவலை என்றுகூட ஒருநாள் புருஷனிடம் சொல்லிவிட்டு, சொன்ன வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

புருஷன் சந்தையில் மீன் வெட்டுகிறவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, கோபம் வராது, யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். ஆனால் அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவருடைய வாடை வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒளிந்துகொண்டு போக மாட்டேன் என்னும். காப்பகத்துக்குப் போன அன்று இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் வந்தார். பாப்பாவைத் தூக்க அவர் கை நீட்டியபோது அங்கிருந்த ஆயா மூக்கைச் சுளித்துக்கொண்டு பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். பம்பரத்துக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

முள்ளை எடுக்க அவள் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கு அடுப்பில் இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறைக்குப் பின்னால் தினமும் ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைப்பார்கள். ஆரஞ்சுத் தோல், ஆப்பிள் துண்டு, பட்டை, கிராம்பு, ஒரு பிடி புதினா. வருகிறவர்கள் மூச்சை இழுத்து, ஆகா என்பார்கள். அதில் சூட்சுமம் தீயில்தான் என்று ஓட்டல் சமையல்காரர் சொல்லியிருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாதாம், ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். முணுமுணுக்கிற பொறுமைக்குப் பம்பரம் எங்கே போவாள்? தீயை முழுசாகத் திருகிவிட்டாள். தண்ணீர் வற்றும், ஊற்றுவாள். மறுபடி வற்றும், இன்னும் ரெண்டு பட்டையை ஒடித்துப் போட்டுவிட்டு ஊற்றுவாள். கூடவே எலுமிச்சை, ஏலக்காய், பிரிஞ்சி இலை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது.

இதில் ஒரு பெரிய தொல்லை. வீட்டில் மீன் வாடை போயிற்றா இல்லையா என்று பார்க்க ஒரு மூக்கு வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் வீட்டு வாடையும் அப்படித்தான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது காற்று மாதிரி ஆகிவிட்டது. புருஷனைக் கேட்டாள். அவர் கூடத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, வாசனை பிரமாதம், ஒரு வாடையும் இல்லை என்றார். மீனுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற மனுஷனைப் போய்க் கேட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு கீழ்வீட்டு டீச்சரைக் கூட்டிவந்தாள். டீச்சர் மரியாதை தெரிந்தவர். ரொம்ப நல்லா இருக்கு என்றார். உண்மையைச் சொல்லச் சொல்லிப் பம்பரம் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவும், பட்டை வாசனை வருகிறது, மீனும் கொஞ்சம் கூடவே வருகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவ்வளவுதான். திரைச்சீலையிலிருந்து தலையணை உறைவரை அத்தனையும் சோப்புத் தண்ணீருக்குள் போயிற்று. புருஷனின் சட்டை, லுங்கி, துண்டு, கால்மிதி எதுவும் தப்பவில்லை. சலவையில் இருபது வருஷம் கைபழகியவள், மதியத்துக்குள் எல்லாம் காய்ந்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அலமாரிக்குள் ஏறிவிட்டது. இன்னொரு பாத்திரம் படுக்கை அறைக்குப் போனது. வாசனை வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலை எல்லாம் சாத்தினாள். புருஷனை மூன்றாம் முறையாகக் குளிக்க அனுப்பினாள். அவர், என் தோல் உரிந்துவிடும் போலிருக்கிறது, உரிந்தால் அதையும் காயவைத்து மடித்து வைத்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசரம்மா வந்தார். உள்ளே காலை வைத்ததும் அடுத்தடுத்து நாலு தும்மல். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தார், மூடிய ஜன்னல்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். காப்பி வேண்டாம் என்றார். பிறகு அலமாரியைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். குளியலறைப் பரண்மேல் எட்டிப் பார்த்தார். பம்பரம் அவர் பின்னாலேயே சுற்றினாள். குழந்தைக்கு எங்கே படுக்கை, எங்கே விளையாட இடம் என்றல்லவா கேட்க வேண்டும்? இவர் என்ன திருட்டுச் சாமான் தேடுகிறவர்போலத் தேடுகிறார்?

கடைசியில் ஆபீசரம்மா கூடத்துக்கு வந்து நின்றார்.

"நான் போற வீட்டுல இந்த மாதிரி வாசனை தூக்குச்சுன்னா, பின்னாடி சாராயம் இருக்கும், இல்ல சிகரெட் இருக்கும். இங்க எதை மறைக்கிறீங்க?"

பம்பரம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், இல்லாத பூசணிக்காயை அல்லவா காட்டிக்கொடுத்துவிட்டாள்! இனி என்ன சொன்னாலும் நம்புவாரா? பாப்பா கையைவிட்டுப் போயே போய்விட்டாள் என்று தோன்றியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மீனுங்க, மேடம்."

பிறகு மடை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினாள். புருஷனின் வேலை, போகாத வாடை, ஆயாவின் மூக்கு, டீச்சரின் மூக்கு, ஒன்றையும் விடவில்லை. மேடமும் மூக்கைச் சுளித்தால் தன் பிள்ளை தன் கைக்கு வராதே என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று அழுதாள். மீன்காரர் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோயிருந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணும்னா நான் வேற வேலை தேடிக்கிறேன், மேடம். வெட்டுறது மட்டும்தான் தெரியும், ஆனா கத்துக்குவேன்."

அதைக் கேட்டதும் பம்பரத்துக்கு ஐயோ என்றிருந்தது. காலையிலிருந்து இந்த மனுஷனை ஒரு அழுக்குத் துணியாக அல்லவா நடத்தியிருக்கிறோம் என்று தோன்றியது. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

ஆபீசரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யாரும் வேலையை விட வேண்டாம் என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். பிள்ளையைப் புதுவீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டுத் துணி ஒன்றை வாங்கிப்போய், அது படுக்கும் இடத்தில் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். அந்த வீட்டு வாடை பழகிவிட்டால், வந்த முதல் ராத்திரி பிள்ளை அவ்வளவு மிரளாது. அதற்குத்தான் துவைக்காத துணி ஒன்று வேண்டும் என்றார்.

"துவைக்காததா?" என்று கேட்டுக்கொண்டே பம்பரம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

வீடு முழுக்கத் தேடினாலும் துவைக்காத நூல் ஒன்று கிடைக்காது. கட்டிலில் கிடந்த விரிப்பை ஆபீசரம்மாவே எடுத்து முகர்ந்துவிட்டு, இது ஓட்டல் படுக்கை மாதிரி இருக்கிறது, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆனாலும் அதையே திருப்பிக் கொடுத்து, இன்றைக்கு ராத்திரி இருவரும் இதில் எப்போதும்போலப் படுங்கள், காலையில் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றார். தயவுசெய்து எதையும் கொதிக்க வைக்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் போர்வையை எடுத்துப் பம்பரத்தின் மடியில் வைத்தார்.

"இது பாப்பாவோடது. அவ உங்களைப் பழகிக்கிற மாதிரி நீங்களும் அவளைப் பழகிக்கணும்ல? வர்ற வாரம் கூட்டிட்டு வர்றோம்."

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் அடங்குவதற்குள் பம்பரம் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். பட்டை வாசனை வந்தது. திருப்பிப் போட்டு மறுமுனையை முகர்ந்தாள். கிராம்பு. மடிப்பைப் பிரித்து நடுவில் முகர்ந்தாள். ஆரஞ்சுத் தோல். காலையிலிருந்து ஆவியிலேயே நின்ற மூக்கு, அதற்குள் வேறு எதுவும் ஏறவில்லை. பாப்பா கையில் இருக்கிறாள், ஆனால் இல்லை. போர்வையைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பம்பரம் எழுந்தாள். ரெண்டு பாத்திரத்தையும் சுடச்சுடத் தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு ஜன்னல் விடாமல் திறந்தாள். அப்படியும் மனசு ஆறாமல் போர்வையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். மீன்காரர் பின்னாலேயே வந்து கொஞ்சம் தள்ளி உட்காரப் போனார். பக்கத்தில் வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கொஞ்சம் காற்று வாங்குவாள், ஒரு முறை முகர்வாள், ஒன்றும் இல்லையென்றால் மறுபடி காற்று வாங்குவாள். மூக்கைச் சிந்திப் பார்த்தாள். மாடிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கு திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அவரைக் கேட்டாள், அவர் வரும் வரும் என்றார்.

வெயில் தணிந்து காற்று மாறியபோது, மூக்கு மெல்லத் திறந்தது. முதலில் மலிவான சோப்பு. அதற்கடியில் புளித்த பால். இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போனால், அவள் தன் வேலையில் எத்தனையோ ஆயிரம் விரிப்புகளில் பார்த்து முகம் சுளித்த ஒன்று. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"மூத்திர வாடை வருதுங்க. படுக்கையில போறா போல இருக்கு."

மீன்காரருக்குப் பெண்டாட்டியைத் தெரியும். போர்வையை வாங்க மெல்லக் கையை நீட்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப்புடுவேன்," என்றாள் பம்பரம்.