மீன் வழியில் ஒரு விளக்கு

அணையோரத்தில், மீன்கள் மேலேறிப் போவதற்கென்று விட்டிருந்த வாய்க்காலை ஒட்டி, தரைக்கடியில் ஓர் அறை. பட்டப்பகலிலும் அங்கே கும்மிருட்டுதான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தண்ணீர். இப்பால் கேமராவும், மீன் ஏறுவதைப் படமெடுக்க அதைக் கட்டிக்கொண்டு அழும் அவளும். இன்று அணைப் பொறியாளர் வந்து பார்க்கும்போது படத்தில் மீன் ஏறுவது தெரியாவிட்டால் வாய்க்காலை மூடிவிடுவார்கள். அந்தத் தண்ணீருக்கு வேறு கிராக்கி இருந்தது. முட்டையிட மேலே போக மீன்களுக்குத்தான் வேறு வழி கிடையாது.

மீன் கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு விளக்கைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். தொட்டித் தண்ணீரில் சோதித்தபோது மீன் செதில் செதிலாகத் தெரிந்தது. ஆறு தொட்டியா என்ன? மழையில் செம்மண் கரைந்து வந்ததும் அந்த வெளிச்சம் ஒரு சாணுக்கு மேல் போக மறுத்தது. விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்தாள். திரையில் சேறுதான். இதைக்கூட யோசிக்காத தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். ஊரில் எல்லா வேலைக்கும் அவரைத்தான் இழுத்துக்கொண்டு அலைவாள்.

"வெள்ளை லைட்டப் போட்டுத் தொலையேன்" என்றார்.

"போட்டா மீன் வராது மாமா."

"போடலன்னா படம் வராது."

பொறியாளர் வந்தபோது வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படம் அமோகம், மீனின் மீசையைக்கூட எண்ணலாம். மீன்கள் வெளிச்சத்தின் விளிம்புவரை வந்து, ஓட்டத்தை எதிர்த்தபடி அங்கேயே நின்றன. ஒன்று துணிந்து முன்னே வந்து, சட்டென்று திரும்பிக்கொண்டது.

"நல்லாத்தானம்மா தெரியுது. ஒண்ணுகூட மேல போகலையே."

"லைட்டுக்குப் பயப்படுதுங்க சார். அணைச்சா போயிடும்."

"அணைச்சா நான் எதப் பாக்குறது?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாய்க்காலை மூட மதகை இறக்கச் சொல்லப் படியேறினார். ஒரு கை பிடிக்க மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் விளக்கை அணைத்தாள். திரை கறுத்தது. ஏனென்று தெரியாமல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். முதலில் தண்ணீரின் அதிர்வு மட்டும். பிறகு லேசாக ஓர் இடி. அப்புறம் இன்னொன்று. முட்டிக்கொண்டும் உரசிக்கொண்டும் மீன்கள் இருட்டில் மேலே போய்க்கொண்டே இருந்தன.

"சீக்கிரம் போங்க" என்றாள். "சீக்கிரம், சீக்கிரம்."

தலைக்குமேல் மதகுச் சக்கரம் சுற்றத் தொடங்கியது.