ஆறு மணி மாஸ்டர்

தங்கவேலுவுக்கு வேண்டியதெல்லாம் காலையில் மூணு மணி நேரத் தூக்கம். வேறு ஆசை எதுவும் அவனுக்குக் கிடையாது.

சரக்கு லாரிகள் ஊருக்குள் ராத்திரிதான் வரும். தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குத் துணி மூட்டை இறக்கிப்போட்டு, மயிலாப்பூரில் இருக்கும் ஒத்தை ரூமுக்கு வந்து கட்டையைச் சாய்க்க அஞ்சரை ஆகிவிடும். அந்த ரூமுக்கு நேர் மேலே தெரு சங்கத்தின் மொட்டைமாடி. அங்கேதான் இனி தினமும் காலை ஆறு மணிக்குச் சண்டை வகுப்பாம். மூணு மாஸ்டர்கள் மாடியைக் கேட்டிருந்தார்கள். யார் சிறந்த மாஸ்டரோ அவருக்கே மாடி.

நடுவர் ரெண்டு பேர். சங்கத் தலைவர் அனந்தராமன்; அவர் பேரன் கராத்தே சாய்நாத்திடம் படிக்கிறான். பாத்திரக்கடை பேச்சியம்மாள், சிலம்பம் சண்முகவேல் அவளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ரெண்டு பேரும் தங்களைத் தராசு முள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

"மூணாவதா ஒருத்தன் வேணும். இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவனா இருந்தா பாரபட்சம் வராது," என்றார் அனந்தராமன்.

"நம்ம தங்கவேலு இருக்கான்லா? அவனுக்கு மூட்டையத் தவிர என்ன தெரியும்?" என்றாள் பேச்சியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் போட்டி. தங்கவேலுவுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

முதலில் சாய்நாத். ஒவ்வொரு உதைக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த காக்கா குடும்பத்தோடு பறந்துபோனது. இவரிடம் முப்பது பிள்ளைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததும் தங்கவேலுவுக்கு அப்போதே காது வலித்தது.

"ஆஹா, தொண்டையில என்ன கம்பீரம்!" என்றார் அனந்தராமன்.

"கஷாயம் குடிக்கச் சொல்லுங்க, சரியாப் போவும்," என்றாள் பேச்சியம்மாள்.

அடுத்து சண்முகவேல். கம்பு சுற்றியதில் காற்றே கிழிந்தது. நல்ல வித்தைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கம்பைத் தரையில் டங்கென்று ஊன்றினார். அவருக்குத் தரை, தங்கவேலுவுக்குக் கூரை.

"சிங்கம்லா!"

"எங்காத்துல கொசு அடிக்கற பேட்டையே இப்படித்தான் சுத்தறா, பேச்சியம்மா."

கடைசியில் ஆசிஃப். சீனத்து முறையாம். ஒரு கை கண்ணாடி துடைப்பதுபோல் மெதுவாகப் போனது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த கை கிளம்பியது. கால் வைத்ததும் கேட்கவில்லை, எடுத்ததும் கேட்கவில்லை. கடல் காற்று வேறு. தங்கவேலுவின் கண் தானாக மூடிக்கொண்டது.

கைதட்டலில்தான் முழித்தான்.

அனந்தராமன் சாய்நாத்துக்குப் பத்து, சண்முகவேலுக்கு சைபர் போட்டிருந்தார். பேச்சியம்மாள் அதையே திருப்பிப் போட்டிருந்தாள். எதிராளி ஜெயிக்கக்கூடாதே என்று ரெண்டு பேருமே ஆசிஃபுக்குத் தாராளமாக ஏழு கொடுத்திருந்தார்கள். தங்கவேலு ஆசிஃபுக்குப் பத்துப் போட்டு, மறக்காமல் ரெண்டு தடவை அடிக்கோடும் இழுத்தான்.

மாடி ஆசிஃபுக்கு. தங்கவேலு அன்றைக்கு வேலைக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அப்போதுதான் படுத்தான். அஞ்சே முக்காலுக்குக் கதவைத் தட்டினார்கள்.

"இன்னா பாய்?"

"மொதல் சிஷ்யர் இல்லாம கிளாஸை எப்படிண்ணா ஆரம்பிக்கிறது?" ஆசிஃபுக்குக் கண் கலங்கியிருந்தது. "நேத்து பார்த்தேன். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, அப்படியே உள்ள போயிட்டீங்க. இருவது வருஷமா சொல்லித்தர்றேன், இந்த வித்தையை அப்படி ரசிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். ஃபீஸ் வாணாம், வாங்க."

தூங்கிட்டேன் பாய் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் போட்டி மறுபடியும் நடக்கும். கத்தலோ கம்போ தலைமேல் வந்து இறங்கும். வாயை மூடிக்கொண்டு படியேறினான்.

கண்ணில் எரிச்சலோடு, இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் மெதுவா, அண்ணா."

"இதுக்கு மேல மெதுவான்னா படுத்துக்கத்தான் வேணும், பாய்."

"படுத்துக்கினே செய்யறதும் கீதுண்ணா," என்றார் ஆசிஃப் பரவசமாக. "ஆனா அது மூணாவது வருஷம்."