அசையாதே மாப்ளே

ஓவியப் பள்ளி வாத்தியாருக்குத் துயரம் என்றால் உயிர். "கஷ்டப்படும்போதுதான் மனுஷன் முகத்துல பொய் இருக்காது. அதைக் கண்ணெடுக்காம பாத்து வரையிறதுதான் கலை" என்பார். கேட்டுக் கேட்டு மாணவர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அவர் மனைவியைக் கேட்டால், "ஒரு தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் மறந்துடுவாரு" என்பாள்.

அன்று வகுப்பில் மாடலாக உட்கார வேண்டிய ஆள் வரவில்லை. வாத்தியார் மைத்துனனுக்குப் போன் போட்டார். லாரி டிரைவர், அன்று லோடு இல்லாமல் வீட்டில் இருந்தான்.

"சும்மா உக்காரணும், அவ்வளவுதானே? அதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது மாமா" என்று சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து அதே இடத்தில் கால் வைக்க வேண்டுமே! "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது, பேசக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சரி" என்றார். அக்கா புருஷன் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

முதலில் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. வாத்தியாரும் வேண்டாவெறுப்பாகத்தான் வரைந்தார். பிறகு வாயோரம் இறுகியது. போட்டிருந்த வாயை அழித்துவிட்டு மறுபடி போட்டார். நெற்றியில் வியர்வை பூத்தது. இடது தோள் ஒடுங்கியது. வலது கை மெல்ல நெஞ்சுக்குப் போகப் பார்த்தது.

"அசையாதே மாப்ளே! அப்படியே இரு! பிரமாதம்!"

கை மறுபடி தொடைக்கே போய்விட்டது. அட, மனுஷா! ஒரு அறை நிறைய ஆட்கள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்காவது 'என்னப்பா செய்யுது?' என்று கேட்கத் தோன்றவில்லை. அவன் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிச் சரிந்து விழுந்த பிறகுதான் பென்சிலைக் கீழே போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாருக்குத் தெரியும். வாயை அழித்துப் போட்டபோது ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவர் தோள், காது, சட்டைக் காலர் எல்லாம் நிதானமாக முடித்திருக்கிறார்.

"ரொம்ப நேரம் ஆச்சு டாக்டர்."

"உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா உடனே கூட்டிட்டு வந்திருந்தா இதயம் இவ்வளவு கெட்டிருக்காது. இனிமே லாரியெல்லாம் ஓட்ட முடியாது."

வாத்தியாரின் மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "என்னங்க, எதிர்லதானே இருந்தீங்க? அவன் முகத்தைப் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால், மறதி பிடித்த மனுஷன் என்று நாலு திட்டு திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பாள். வாத்தியார் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் இன்னும் பென்சில் கரி.

"பாத்தேன். நல்லாப் பாத்தேன்" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுத் தம்பியிடம் போனாள்.