ரிவர்ஸ் இருக்கிற இடம்

கார் விற்கிறவள் முதலில் சொல்ல வேண்டியது கியரைத்தான். எங்கள் எஸ்கார்ட்டைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தரிடமும் நான் அதைத்தான் முதலில் சொன்னேன். "மத்த கார்ல முதல் கியர் இருக்கிற இடத்துல இதுல ரிவர்ஸ் இருக்கு அண்ணே. முதல் கியர் அதுக்குக் கீழே. கியர் குமிழ்ல இருக்கிற படத்தை நம்பாதீங்க, அது பழைய கியர்பாக்ஸோடது லா."

பழைய குமிழை வேண்டுமென்றே கழற்றாமல் வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர் தம்புசாமி. திருட வருகிறவன் பின்னால் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அது எழுபதாம் வருடத்து ஃபோர்ட் எஸ்கார்ட். கூடு மட்டும்தான் எஸ்கார்ட். உள்ளே இருந்தது ஜப்பானில் பாதியாக அறுத்து, உதிரிபாகத்துக்கென்று கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பிய டொயோட்டாவின் எஞ்சின், எவனோ பந்தயக்காரன் விட்டுப்போன கியர்பாக்ஸ். என் தாலி ஒன்றுதான் அந்தக் காருக்குள் போகாமல் தப்பித்தது. அதையும் கேட்டிருப்பார், என் வாய்க்குப் பயந்து கேட்கவில்லை.

அந்தக் காரை வைத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் அய்யாவுவை முந்தினார். அய்யாவு யார் என்று கிள்ளானில் மீன் விற்கிறவனைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திக்கொள்வான். மறுநாளே ஆள் அனுப்பிக் காரை விலைக்குக் கேட்டான். "உங்க பாஸ் மூஞ்சிக்கு மாட்டு வண்டி போதும்னு சொல்லு" என்று இவர் சொல்லி அனுப்பினார். வாய்க்கொழுப்பு! அந்த வாரமே அய்யாவுவின் தம்பி சின்னையா பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, பாராங் கத்தியால் இவருடைய இடது கையில் இரண்டு விரலை வெட்டினான். வெட்டிவிட்டு, "அடுத்தது வலது கை, அக்கா. காரைக் குடுக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான். வாசலில் கிடந்த விரல்களை நான்தான் பொறுக்கினேன். அந்த ‘அக்கா’ என்ற வார்த்தையை நான் மறக்கவில்லை.

வலது கையும் போனால் ஒரு மெக்கானிக்குக்கு என்ன மிச்சம்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவரைக் கேட்டேன். "கார் வேணுமா, கை வேணுமா?" மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பைத்தியம்! சரி, நீ படு, நான் விற்கிறேன் என்று வந்துவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அய்யாவு பெயர் காதில் விழுந்ததும் சிகரெட் வாங்கப் போகிற மாதிரி நழுவினார்கள். கடைசியில் அய்யாவுவுக்கே ஆள் விட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போ, எங்களை விடு என்று.

மறுநாள் காலையிலேயே வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கூடவே சின்னையா. எந்த வண்டி வாங்கினாலும் கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் எடுப்பானாம். ஊரான் விரலை வெட்டுகிறவனுக்குப் பக்தி ஒரு கேடு. ஆனாலும் அந்தப் பக்தியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"கற்பூரத்தை அடிச்சு சத்தியம் பண்ணுங்க அண்ணே. என் வீட்டுக்காரர் மேல இனிமே கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

காருக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சாவியைக் கொடுத்தேன். "அண்ணே, இந்த கியர் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பொம்பளை நீ எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரியா? மூடிக்கிட்டு உள்ள போ."

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்சி வந்து நின்றது. ஆஸ்பத்திரிச் சாரத்தோடு, கையில் கட்டோடு இவர் இறங்கினார். எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். நேராக வந்தார். கார் நின்ற கொட்டகையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அய்யாவுவின் முகத்தில் ஒரே போடு. மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை முழுவதும் ரத்தம். சின்னையா பாராங்கைத் திருப்பிப் பிடித்து, மழுங்கிய பக்கத்தால் இவர் முதுகில் அடித்தான். அடித்த சத்தம் எனக்கே வலித்தது. இவர் விழுந்ததும் அய்யாவு விலாவில் மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சத்தியம் பண்ணினியேடா, பாவி!"

"கற்பூரம் அணைஞ்சு போச்சு" என்று என் வாயில் ஓங்கி ஒன்று விட்டான். உதடு கிழிந்தது.

அதற்குள் இவர் நகர்ந்து நகர்ந்து போய்க் காருக்கு முன்னால், முன் டயர் ஓரமாக மல்லாந்து படுத்துக்கொண்டார். "என் மேல ஏத்திட்டு எடுத்துட்டுப் போடா" என்றார்.

"அவ்வளவுதானே?" என்று அய்யாவு காரில் ஏறினான். எஞ்சின் போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சின்னையா காரின் பின்பக்கம் போய், சாமான் வைக்கிற பெட்டியின் மூடியைத் தூக்கி, பாராங்கைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவர்.

நான் பக்கவாட்டில் நின்றேன். முன்னால் என் புருஷன், பின்னால் அந்த சின்னையா, நடுவில் குமிழின் மேல் அய்யாவுவின் கை, எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவன் படத்தைப் பார்த்தான். கியரை இடது மேல் மூலைக்குத் தள்ளினான். எனக்கு அழுகை பீறிட்டது. சின்னையா தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "அழாதீங்க அக்கா, சட்டுனு முடிஞ்சிரும்" என்று சிரித்தான்.

"ஏத்துடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஆம்பளையா இருந்தா ஏத்துடா!"

ஏற்றினான். கார் பின்னால் பாய்ந்தது. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு சின்னையாவின் சத்தம். இடுப்புக்குக் கீழே அவன் காருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தான். அய்யாவு திரும்பிப் பார்த்து அலறினான். முன்னால் எடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில் மறுபடியும் குமிழைப் பார்த்து, மறுபடியும் அதே மூலைக்குத் தள்ளினான். கார் இன்னொரு தடவை சுவரை இடித்தது. சின்னையா கத்துவது நின்றுவிட்டது.

"முதல் கியர் எங்க இருக்கு? அக்கா, எங்க இருக்கு, சொல்லுக்கா!"

இவரைத் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டேன். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியரைக் கீழே இழுத்துக் கொடுத்தேன். "இங்க இருக்கு" என்றேன். "அப்பவே சொல்ல வந்தேன்." கார் மெல்ல முன்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் ஒன்று நசுங்காமல் உருண்டு வந்து என் காலில் முட்டியது.

சின்னையா ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டான். போலீஸ் வந்து அய்யாவுவைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டியவன் அவன். செத்தவன் அவன் தம்பி. எங்களைக் கேட்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் விலாவில் கட்டுப் போட்டு இவரைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலது கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். அஞ்சு விரலும் இருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"குமிழ்ப் படத்தை நம்பி அவன் பின்னாலதான் போவான்னு தெரிஞ்சுதான் படுத்தேன் புஷ்பா. சுவர்ல முட்டி மானம் போகட்டும்னு நெனச்சேன்" என்றார். "சத்தியமா, சின்னையா அங்க நின்னது கீழ கிடந்த எனக்குத் தெரியல."

நான் அந்த விரல்களையே தடவிக்கொண்டிருந்தேன்.

"நீ பக்கத்துலதானே நின்னே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, எனக்குத் தெரியக்கூடாது என்பது போல, அந்தக் கையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.